பதினேழாம் எண்ணின் ஏழாவது வெண்பா

ஜூலை 5, வெள்ளி

மாலையில் நெடுவேல் தமிழ் மன்றத்துச் செயலாளர் ஆறுமுகப்பெருமாள் ஸ்கூட்டரில் வந்து ஒரு காக்கி உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். விரல் நகமெல்லாம் பச்சை பெயிண்ட். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததால் உட்காரவில்லை. மனைவி மங்கை போட்ட காப்பியை நானே இரண்டாவதாகவும் குடித்தேன்.

மன்றத்தின் வெண்பாப் போட்டிக்கு இந்த ஆண்டு நடுவர் இருவர். ஒருவர் கல்லூரிப் பேராசிரியை தமயந்தி. இன்னொருவர், திண்டுக்கல்லில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு யாப்பு சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போன அடியேன். தலைப்பு 'நள்ளிரவுத் தெரு'. ஆளுக்கு ஏழு வெண்பா. முப்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்; பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில், முடிவு வரும் வரை செயலாளரும் பிரிக்க மாட்டார். எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. நடுவர் யாரென்று அவர்களுக்கும் தெரியாது.

விதிகளில் கறாரானது ஒன்றுதான். தளை தட்டினால் தள்ளுபடி. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதற்குத் தளை என்று பெயர். பிடி விட்டால் வெண்பா இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதிக் கொடுத்தவனே நான்தான். கண்டிப்பு வேண்டாதவர்கள் கடிதம் எழுதட்டும், யார் வேண்டாம் என்றது?

தேறாத பாட்டுகளை நடுவரின் குறிப்போடு எழுதியவருக்கே தபாலில் திருப்பி அனுப்புவது மன்றத்து வழக்கம். திட்டு வாங்காமல் யாரும் திருந்துவதில்லை. பென்சிலைச் சீவி வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் மொட்டைமாடிக் குழாய் ஒழுகியது. துணியைச் சுற்றிக் கட்டி நிறுத்தினேன். பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு உறையைப் பிரித்தேன். பெரும்பாலும் பதர். பதினோரு பேருக்கு நிலா வெள்ளித் தட்டாகத் தெரிகிறது. ஒன்பதாம் எண்காரருக்கு எதுகை கிடைக்கவில்லை போலும், நள்ளிரவுத் தெருவில் ஒரு யானையை நடக்க விட்டிருக்கிறார். அடுத்த அடியில் பானை. அதற்கடுத்து சேனை. சிரித்துக்கொண்டே புரட்டினேன், பதினேழாம் எண் வந்தது.

பூட்டுகளே கண்ணெதிரே; பொத்தலிட்ட வாளியொன்று;
நாட்டுநாய்க் கண்ணென்கண் நேர்நோக்கும், - கூட்டிவந்த
கையின் வியர்வை கசிந்தென்கை ஈரமாகப்
பையவே நீளும் தெரு.

அசை பிரித்து அலகிட்டுப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. பூட்டு, நாட்டு, கூட்டி. எதுகைக்காக எங்கிருந்தோ பிடித்துவந்த சொற்கள் அல்ல, பேச்சில் வருகிற சொற்களே வந்து உட்கார்ந்திருக்கின்றன. முதல் அடியின் நான்கு சீரும் மூவசைக் காய்ச்சீர். குடுகுடுவென்று ஓட்டம். மூன்றாம் அடியில் 'கையின் வியர்வை' வந்ததும் ஈரசைச் சீராகி நடை தளர்கிறது. எழுதியவருக்குக் காது இருக்கிறது. இந்த ஊரில் காது இருக்கிற இன்னொருவரா என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று. நாயின் கண்ணும் மனிதரின் கண்ணும் நேருக்கு நேர் எப்படிச் சந்திக்கும்? குனிந்தே நடக்கிறாரா? 'கூட்டிவந்த கை' என்பது இரவின் கை. இரவைத் தாயாக உருவகித்திருக்கிறார். பரவாயில்லை. பத்துக்கு எட்டு.

ஜூலை 8, திங்கள்

பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு மறுபடியும் முதல் பாடம். பாதிப் பேருக்குப் புத்தகம் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மங்கைக்கு அந்த வெண்பாவை வாசித்துக் காட்டினேன். வழக்கமாக நான் வெண்பா சொன்னால் அவள் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்பாள். இன்று கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அந்த நாய்க் கண்ணு வர்ற எடத்தை இன்னொருக்க சொல்லுங்க."

சொன்னேன்.

"யாரு எழுதுனதுன்னு தெரியாதா?"

"தெரியக் கூடாது. அதுதானே போட்டி."

"மார்க்கு நல்லாப் போடுவீங்களா?"

"தளை தட்டாம இருந்தா."

"தட்டுனா?"

"எங்கப்பனே எழுதியிருந்தாலும் தள்ளுபடிதான்."

அவள் ரசத்தை ஊற்றினாள். ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே குடித்தேன்.

எங்கள் ஒரே மகள் நன்முல்லை ஓசூரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வயது இருபத்து நாலு. என்னிடம் வழக்கமான இரண்டு கேள்விகள்: "சாப்டீங்களாப்பா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் முக்கால் மணி நேரம். அப்படி என்னதான் பேசுவார்களோ. கதவைச் சாத்திக்கொண்டு வேறு.

ஜூலை 9, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை. பதினேழின் முதல் வெண்பாவையே இன்னொரு முறை படித்தேன்.

ஜூலை 10, புதன்

இரண்டு முதல் ஆறு வரை உள்ள வெண்பாக்களை அலகிட்டு முடித்தேன். எல்லாம் சுத்தம். ஆனால் விசித்திரமான பார்வை. எழுதியவர் மேலே பார்ப்பதே இல்லை. இரவைப் பற்றி ஆறு வெண்பா எழுதி, நிலா ஒரு தடவைகூட வராத ஆளை இன்றுதான் பார்க்கிறேன். கடைப் பலகை இல்லை, மாடி இல்லை, விளக்குக் கம்பத்தின் தலை இல்லை. ஷட்டர் பூட்டு, சாக்கடை மூடி, கதவிடுக்கு, படிக்கட்டு. நான்காம் வெண்பாவில் டீக்கடை பெஞ்சின் அடிப்பாகம் வருகிறது. அங்கே ஆணி துருத்திக்கொண்டிருப்பது வரைக்கும் சொல்கிறார். பெஞ்சின் மேலே உட்காருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அப்புறம் அந்த ஓசை. பாடல் முழுவதும் ஓட்டமும் நடையுமாகத்தான் போகிறது. முன்னால் யாரோ எட்டிப் போட்டு நடக்க, பின்னால் இவர் ஓடி ஓடிச் சேர்ந்துகொள்கிற மாதிரி. நள்ளிரவில் உலாவப் போகிறவர் எதற்கு ஓடுகிறார் என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தாளம் காலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வகுப்புக்குப் படியேறும்போதுகூட அதே தாளத்தில் ஏறினேன், மூச்சு வாங்கியது.

ஜூலை 11, வியாழன்

ஏழாவது வெண்பா.

சாக்கடை ஓரம் சரிந்தவர் சட்டையில்
நோக்கினேன் சுண்ணக்கோல் நூறாக, - தூக்கமென
மண்ணில் கிடந்தார் முகந்தொட்டுக் கூப்பிட்டும்
கண்கள் திறக்க வில்லை.

கடைசி அடி தட்டுகிறது. 'திறக்க' என்பதற்கு அடுத்து நிரையசை வர வேண்டும், 'வில்லை' என்று நேரசை வருகிறது. ஈற்றுச் சீரும் வெண்பாவுக்கு உரியதல்ல. ஆறு வெண்பா கல்லில் செதுக்கியது போல எழுதியவர் ஏழாவதில் கடைசிச் சீரில் வந்து விழுகிறார் என்றால் அது கவனக்குறைவு இல்லை, அகம்பாவம்.

அதோடு, குடித்துவிட்டுக் கிடப்பவனைப் பாட இலக்கியத்தில் வேறு இடமா இல்லை? அவன் சட்டைப் பையில் சாக்பீஸ் எதற்கு? வாத்தியார் என்று காட்டவாம். ஓர் ஆசிரியன் விழுந்து கிடந்தான் என்றால் கேட்பவர்களுக்கு ருசியாக இருக்கும் என்ற நினைப்பு. ஊரில் எத்தனையோ பேர் குடிக்கிறார்கள், கொத்தனார், டிரைவர், வக்கீல். சாக்பீஸ்தான் கிடைத்ததா?

பென்சிலை அழுத்தி எழுதினேன்: 'ஈற்றடி தளை தட்டுகிறது. தள்ளுபடி. கவிஞருக்குப் பயிற்சி போதாது. "கண்ணைத் திறந்தார் கனிந்து" என்று எழுதினால் தளையும் சரியாகும், பாட்டுக்கு நல்ல முடிவும் கிடைக்கும்.' முனை ஒடிந்துவிட்டது.

நான் அந்தப் பழக்கத்தை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. டாக்டர் ஈரலைப் பற்றிச் சொன்னார், விட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குறித்து வைக்கத் தோன்றியது, குறித்தேன்.

ஜூலை 12, வெள்ளி

தூக்கமில்லை. புழுக்கம்.

ஜூலை 13, சனி

தூக்கமில்லை. மழை பெய்து குளிர்ந்தும் தூக்கமில்லை. மங்கை குறட்டை விட்டு உறங்குகிறாள். விளக்கைப் போட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த ஊரில் அந்தச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அடுக்களை அலமாரியைக் குடைந்தேன். மளிகைச் சீட்டு, பால் கணக்குக் காலண்டர், பழைய கோலப் புத்தகம். வெண்பா எழுதிப் பார்த்த தாள் ஒன்றும் இல்லை. மிளகாய்ப் பொடி டப்பாவைக் கவிழ்த்ததுதான் மிச்சம். தும்மிக்கொண்டே நின்றபோது அவள் வந்துவிட்டாள்.

அவளே கூட்டி அள்ளினாள். பிறகு அரிவாள்மணையைப் போட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நான் நின்றபடியே கேட்டேன்.

"பதினேழாம் நம்பர் நீதானே?"

"எது?"

"நடிக்காத மங்கை. நாய்க் கண்ணு, பூட்டு, அந்தப் பாட்டு. ஏழாவது வெண்பாவை நான் உனக்கு வாசிச்சுக் காட்டலை. உனக்கே தெரியும் அதுல என்ன இருக்குன்னு."

"எனக்கு வெண்பா வருமா? ரேசன் கடையில கையெழுத்துப் போடவே ரெண்டு எடத்துல நிறுத்துவேன்."

"பின்ன அந்தச் சட்டைப் பையில சாக்பீஸ் உடைஞ்சு கெடந்தது வேற யாருக்குத் தெரியும்?"

வெண்டைக்காயைக் கீழே வைத்தாள். "ஓகோ. அப்ப அது நீங்கதான்னு தெரிஞ்சுதான் முழிச்சுக்கிட்டுக் கெடக்குறீங்களா?"

திறந்து கிடந்த அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

"உங்களைத் தேடி நான் தனியாவா வந்தேன்? பாதி ராத்திரியில எட்டு வயசுப் பிள்ளையை வீட்டுல தனியாப் போட்டுட்டு எப்படி வருவேன்? யார்கிட்டச் சொல்லி விட்டுட்டு வருவேன், வாத்தியார் வரலைன்னு? கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் வந்தேன். என் நடைக்கு அவ ஓடி வருவா. காலு வலிக்குதும்மான்னு ஒரு நாள் சொன்னதில்லை. ஒன்றரை வருசம்."

 தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"போட்டிக்கு எழுதிருக்கேம்மான்னு சொன்னா. அப்பாகிட்டச் சொல்லாதன்னா. நடுவரு நீங்கன்னு அவளுக்குத் தெரியாது. நீங்க வாசிச்சீங்கள்ல அன்னிக்கு, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"அவளுக்கு யாரு வெண்பா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்ட கேள்வி.

"நல்லாக் கேட்டீங்க. ஹால்ல பசங்களுக்கு டியூசன் எடுக்கையில அடுப்படியில உக்காந்து விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கிட்டிருப்பா. நீங்கதான் இந்தப் பக்கம் திரும்புனதில்லை."

பிள்ளை வந்தது எனக்குத் தெரியாது. மங்கை தேடி வந்ததே அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. நினைவு இல்லாமல் கிடந்தவனுக்கு யார் வந்தது யார் போனது என்று எப்படித் தெரியும்? சத்தியமாகத் தெரியாது. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு. பிளம்பர் வந்தார். வாஷர் மாற்றினார்.

ஜூலை 16, செவ்வாய்

காலை நடையில் கடைவீதிப் பக்கம் போனேன். பதினைந்து வருடமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவன், இன்று நேராகப் போனேன். கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஒரு ஷட்டரின் முன்னால் நின்று முழங்காலை மடித்து, எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன்.

பூட்டு கண்ணுக்கு நேரே இருந்தது. சாக்கடை மூடியின் துருப்புள்ளிகூட எண்ணும்படித் தெரிந்தது. ஒரு நாய் வந்து என் கண்ணையே பார்த்தது. மேலே பார்க்கத் தோன்றவே இல்லை. உருவகம் என்று எழுதினேனே, மடையன். கை என்றால் கை. வியர்வை என்றால் வியர்வை.

பால் ஊற்றிக்கொண்டு போனவர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன சார், எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"மூக்குக்கண்ணாடி" என்றேன்.

"மூக்குலதான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 18, வியாழன்

செய்ய வேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் எழுதியிருக்கிறாள், நான் நடுவராக இருக்கக் கூடாது, என் குறிப்பை நீக்கிவிட்டு வேறு ஆளிடம் கொடுங்கள் என்று செயலாளரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம். பள்ளி விட்டதும் கடைவீதியில் உள்ள அவர் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

ஆறுமுகப்பெருமாள் ஒரு டின்னைக் குலுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கய்யா, முடிஞ்சுதா?"

"கண்ணுல புரை விழுகுதாம். முழுசாப் பாக்க முடியலை. என்னை விட்டுருங்க" என்றேன்.

நாக்கு அப்படித்தான் புரண்டது. மகள் என்று சொன்னால் எந்தப் பாட்டு என்பார். பதினேழு என்றால் எடுத்துப் படிப்பார். படித்தால் ஏழாவது வரைக்கும் படிப்பார்.

"அடடா. ஆனா நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. குறிப்பெல்லாம் பென்சில்ல இருக்குல்ல? அதையே முடிவா வச்சுக்கிறேன். நீங்க தளை தட்டுதுன்னு எழுதுனா அதுக்கு மேல ஊர்ல யாரு பேசுவா?"

உறையைக் கொடுத்துவிட்டு வந்தேன். யார் பார்த்தாலும் அந்த அடி தட்டத்தான் தட்டும். அதில் பொய் இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன். குறளிப் பேய் மாதிரி அந்தத் தாளமும் கூடவே வந்தது.

ஜூலை 22, திங்கள்

முடிவை அறிவித்துவிட்டார்கள். முதல் பரிசு நாலாம் எண்ணுக்கு. வெள்ளித் தட்டு நிலா. மூன்றாம் பரிசு யானைக்காரருக்கு. ஒரு தளைகூடத் தட்டவில்லையாம்.

மங்கை வாட்ஸப்பில் வந்த பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "தள்ளிட்டீங்களா?"

"விதி இருக்கு."

"விதி" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம். தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம்கூடப் பொரித்து வைத்தாள். 

ஜூலை 24, புதன்

விடைத்தாள் திருத்தும்போது ஒரு பையனின் தாளில் 'கவனம் போதாது' என்று எழுதினேன். எழுதிய கையெழுத்தைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

திருப்பி அனுப்புவார்கள். என் குறிப்போடு அனுப்புவார்கள். அவள் பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு அத்தனையிலும் கையெழுத்துப் போட்டவன் நான். நோட்டுக்கு அட்டை போட்டு அவள் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான். இருட்டில் தடவிப் பார்த்தே இது அப்பா எழுத்து என்று சொல்லிவிடுவாள். 'கண்ணைத் திறந்தார் கனிந்து' என்று அந்தக் கையெழுத்தில் படிப்பாள்.

மணி ஒன்பதரை. பெயிண்ட் கடை பூட்டியிருக்கும். விடியட்டும்.

ஜூலை 25, வியாழன்

முதல் பாடவேளைக்கு வேறு ஆசிரியரை அனுப்பச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். ஆறுமுகப்பெருமாள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினேழாம் நம்பரை மட்டும் அனுப்ப வேண்டாம். என்கிட்டக் குடுங்க."

"நேத்து மத்தியானமே எல்லாத்தையும் தபால்ல சேத்தாச்சேய்யா. என்ன ஆச்சு?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளேயிருந்து ஸ்டூல் கொண்டுவந்தார், வேண்டாம் என்றேன். பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அது என் மக எழுதுனது. நான் நடுவரா இருந்திருக்கவே கூடாது. கண்ணுல புரையும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்தக் கடைசிப் பாட்டுல விழுந்து கெடக்குற ஆள் நான்தான். அதான் தள்ளுனேன்."

பதினைந்து வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். துண்டால் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படிச்சப்பவே தெரியும்யா" என்றார். "இந்த வாசல்தானே. காலையில கடை தெறக்க வந்து உங்களுக்குத் தண்ணி தெளிச்சு எழுப்பிவிட்டது எங்கப்பா. வெளிய யார்கிட்டயும் பேசாதடான்னு சொன்னாரு. நாங்க பேசலை. மத்தவங்களுக்கும் தெரியும்தான், அவங்களும் பேசலை. நீங்க அதுக்கப்புறம் தொடலைல்ல, அது போதும்."

டீ வந்தது. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஊருக்கே தெரிந்ததை மறைக்கத்தான் என் பிள்ளையின் பாட்டை நான் குழிதோண்டிப் புதைத்திருக்கிறேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன்" என்று அவரே ஆரம்பித்தார். "தமயந்தி அம்மா பதினேழுக்குத்தான் முதல் பரிசுன்னு நின்னாங்க. அந்த ஒரு எடத்துல தட்டுறது வேணும்னே தட்டுறது, அதுக்காகவே குடுக்கணும்னாங்க. நான்தான் உங்க குறிப்பைக் காட்டுனேன். அய்யா சொன்னா சரின்னு விட்டுட்டாங்க."

ஜூலை 26, வெள்ளி

ஓசூருக்குத் தபால் போக இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். மூன்றும் ஆகலாமாம்.

ஜூலை 27, சனி

போன் வரவில்லை. நானே கூப்பிடலாம் என்று எட்டு தடவை எடுத்தேன், எட்டு தடவையும் வைத்தேன். மங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "கூப்பிட்டு என்ன சொல்லப் போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க" என்றாள்.

என்ன சொல்வது என்று முடிவு செய்ய எனக்கு இந்த நோட்டையே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. பதினான்காம் தேதி 'சத்தியமாகத் தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். யார் கேட்டார்கள், என்னைச் சத்தியம் செய்யச் சொல்லி?

ஜூலை 28, ஞாயிறு

பதினொன்றரைக்கு வந்தது. மங்கை எடுத்தாள். கேட்டாள். என்னிடம் நீட்டினாள்.

"நேத்து கவர் வந்துச்சுப்பா."

"ம்."

"உங்க கையெழுத்து."

"ஆமா பாப்பா."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லை.

"'கண்ணைத் திறந்தார் கனிந்து'ன்னு திருத்திருக்கீங்க. நானும் மொதல்ல அதைத்தான்ப்பா எழுதுனேன். அச்சு அசலா அதே அடி. தளை சரியா வந்துச்சு. படிச்சுப் பாத்தேன், நீங்க எந்திரிச்சு எங்ககூட வீட்டுக்கு நடந்து வந்த மாதிரி இருந்துச்சு. அப்படி நடக்கலையே. அதான் அழிச்சேன். தட்டட்டும்னு விட்டுட்டேன்."

"உன்னுதுதான் சரி" என்றேன். "என் திருத்தம் தப்பு. உன் பாட்டை வேணும்னேதான் தள்ளுனேன். ஆறுமுகப்பெருமாள்கிட்டயும் சொல்லிட்டேன். பயத்துல தள்ளுனேன்."

 மங்கை அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்கவேண்டியவள்தான்.

"பாப்பா, இன்னொண்ணு. அன்னிக்கு எனக்கு நினைவு இருந்துச்சு. நீ என் கன்னத்தைத் தொட்டது தெரிஞ்சுச்சு. அப்பா அப்பான்னு கூப்பிட்டது கேட்டுச்சு. யாரோ வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டேன்கூட இல்லை, அப்படி வச்சுக்கிட்டேன். கண்ணைத் திறந்தா நீ என்னைப் பாப்ப. அதுக்குப் பயந்துக்கிட்டுத் தூங்குற மாதிரி கெடந்தேன். டாக்டர் சொல்லி நான் விடலை. அந்தக் குரல் கேட்டுத்தான் விட்டேன். ஆனா அன்னிக்குக் கண்ணைத் திறக்கலை."

 போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள்.

"எப்படி?"

"இமை ஆடுச்சு. நான் பக்கத்துல குனிஞ்சுதான பாத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மா குனியலை, அவங்களுக்குத் தெரியாது. அப்பா தூங்குறாரும்மா, எழுப்ப வேண்டாம், வா போகலாம்னு நான்தான் சொல்லி இழுத்துக்கிட்டுப் போனேன்."